பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வு: புகையும் சாவும் கணக்கிடப்பட்ட வரலாறு

பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வு (1951–2001) புகைப்பழக்கத்துக்கும் மரணத்துக்கும் உள்ள உறவை அறிய பிரிட்டனில் நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வு. மருத்துவர் ரிச்சர்ட் டால், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் இதைத் தொடங்கினர். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தங்கள் புகைப்பழக்கத்தைப் பற்றி எழுதியனுப்பிய பதில்களே இதன் அடிப்படை. அவர்களில் ஆண்கள் எப்போது, எந்த நோயால் இறந்தனர் என்பது ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவைக்கப்பட்டது. கிருமியால் வராத, பல்லாண்டுகள் உடலுக்குள் மெல்ல வளர்ந்து கொல்லும் நோய்களுக்குக் காரணம் கண்டறிவது எப்படி என்பதற்கு இந்த ஆய்வு முன்மாதிரியாக அமைந்தது.

புகை உயிரைக் கொல்லும் என்பது இன்று சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. 1950-ல் நிலைமை அப்படி இல்லை. புகைப்பது கெட்ட பழக்கம் என்று ஒழுக்கவாதிகள் சொல்லிவந்தனர். ஆனால் மருத்துவர்களே சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நோயாளியிடம் பேசிய காலம் அது. 1948-ல் பிரிட்டனின் ஆண்களில் 82 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் புகைத்தனர். எல்லோரும் செய்யும் ஒன்றை நோய்க்குக் காரணம் என்று சந்தேகிப்பது எளிதல்ல. குடிநீரைச் சந்தேகிப்பதுபோல அது.

நோய்கள் மாறிய காலம்

1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின் மருத்துவத்துக்கு ஒரு தெளிவான பாதை கிடைத்தது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி. அந்தக் கிருமி எல்லா நோயாளிகளிடமும் இருக்கவேண்டும், அதைப் பிரித்தெடுத்து இன்னோர் உயிருக்குச் செலுத்தினால் அதே நோய் வரவேண்டும். ‘காரணம்’ என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் அதுவே இலக்கணமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாடுகளில் தொற்றுநோய்கள் குறையக் குறைய, மாரடைப்பும் பக்கவாதமும் புற்றுநோயும் முன்னுக்கு வந்தன. இவற்றுக்கு அந்த இலக்கணம் பொருந்தவில்லை. புகைப்பவர் அனைவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை. புகைக்காதவருக்கும் அரிதாக வருகிறது. பழக்கம் தொடங்கி நோய் தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. ஆயிரம் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேரை முப்பது ஆண்டுகள் புகைக்கவைத்து முடிவைப் பார்ப்பதை எந்த மருத்துவனும் செய்ய முடியாது.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1922-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-ல் அது 9,287. ஏறத்தாழ பதினைந்து மடங்கு. இந்த உயர்வே உண்மையல்ல என்று முதலில் வாதிட்டவர்கள் உண்டு. எக்ஸ்-ரே வந்துவிட்டது, முன்பு காசநோய் என்றும் நிமோனியா என்றும் எழுதப்பட்டவை இப்போது சரியாகக் கண்டறியப்படுகின்றன என்றனர். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் கண்டறியும் கருவி மேம்பட்டதென்றால் ஆண்களிடமும் பெண்களிடமும் ஒரேபோல எண்ணிக்கை கூடியிருக்கவேண்டும். ஆண்களிடமே அது மிக வேகமாகக் கூடியது.

உண்மையான உயர்வுதான் என்றால் காரணம் எது? மோட்டார் வண்டிப் புகை, சாலைகளில் ஊற்றப்பட்ட தார், வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகை, ஆலைக் காற்று என்று பல ஊகங்கள் இருந்தன. சிகரெட்டும் அவற்றுள் ஒன்று. 1947-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூட்டிய ஆலோசனையின் விளைவாக இதை ஆராயும் பொறுப்பு ஹில்லிடம் வந்தது.

ஹில்லும் டாலும்

ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் (1897–1991) மருத்துவராக விரும்பியவர். முதல் உலகப்போரில் கடற்படை விமானியாகப் பணியாற்றியபோது காசநோய் தாக்கி, சாவின் விளிம்புவரை சென்று, ஈராண்டுகள் படுக்கையில் கிடந்தார். மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் உடல்நிலை இல்லை. படுத்தபடியே அஞ்சல்வழியில் பொருளியல் படித்து லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அங்கிருந்து புள்ளியியலுக்கு வந்தார். மருத்துவர்களுக்காக அவர் எழுதிய புள்ளியியல் அறிமுக நூல் 1937-ல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை வடிவமைத்தவரும் அவரே. காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த அந்தச் சோதனை நவீன மருந்துச் சோதனைகளின் தொடக்கப்புள்ளி.

ரிச்சர்ட் டால் (1912–2005) முறையாக மருத்துவம் படித்தவர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராகச் சென்றவர், சிறுநீரகக் காசநோயால் ஒரு சிறுநீரகத்தை இழந்து திரும்பினார். 1948-ல் ஹில்லுடன் சேர்ந்தார். தொடக்கத்தில் டாலின் சந்தேகம் சிகரெட்டின் மேல் இல்லை. சாலைத் தாரும் மோட்டார் புகையுமே காரணமாக இருக்கும் என்று தாம் எண்ணியிருந்ததாகப் பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரும் புகைத்தவர்தான்.

லண்டன் மருத்துவமனைகளில்

முதல் ஆய்வு நோயாளிகளிடம் பின்னோக்கிக் கேட்கும் முறையில் அமைந்தது. லண்டனின் இருபது மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளி சேர்க்கப்பட்டதும் செய்தி வரும். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் சென்று நோயாளியிடம் விரிவான கேள்விகள் கேட்பார். பின்பு அதே மருத்துவமனையில், அதே பாலினமும் வயதும் கொண்ட, வேறு நோய்க்காகப் படுத்திருக்கும் ஒருவரிடம் அதே கேள்விகளைக் கேட்பார். இவ்வாறு 649 ஆண்கள், 60 பெண்கள் என 709 புற்றுநோயாளிகளும் அதே எண்ணிக்கையில் ஒப்பீட்டு நோயாளிகளும் சேர்ந்தனர்.

புற்றுநோய் கொண்ட 649 ஆண்களில் புகைக்காதவர்கள் இருவர் மட்டுமே. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 27 பேர். புகைத்த அளவைப் பார்த்தால் வேறுபாடு மேலும் தெளிவாகியது. நாளுக்கு 25 சிகரெட்டுக்கு மேல் புகைத்தவர்கள் புற்றுநோயாளிகளிடையே அதிகம்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழுகிறது. கேள்வி கேட்பவருக்கு இவர் புற்றுநோயாளி என்று தெரியும். நோயாளிக்கும் ஏதோ பெரிய நோய் என்று தெரியும். அதனால் பதில்கள் கூட்டியோ குறைத்தோ பதிவாகியிருக்கலாம் அல்லவா? இதற்கு விடை ஆய்வுக்குள்ளேயே தற்செயலாகக் கிடைத்தது. புற்றுநோய் என்று கருதிப் பேட்டி காணப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் புற்றுநோய் இல்லை என்று தெரியவந்தது. பேட்டியின்போது அவர்களும் புற்றுநோயாளிகளாகவே கருதப்பட்டவர்கள். ஆனால் அவர்களின் புகைப்பழக்கம் புற்றுநோயாளிகளுடையதைப் போல இல்லை, மற்ற நோயாளிகளுடையதைப் போல இருந்தது. பிழையான நோய்முடிவு ஒன்று ஆய்வைக் காப்பாற்றியது. மருத்துவ ஆராய்ச்சி வரலாற்றில் மிக அழகான சான்றுகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

முடிவுகளைக் கண்டதும் டால் புகைப்பதை விட்டார். ஆனால் உடனே வெளியிடவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் செயலர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் இது லண்டனுக்கு மட்டும் உரிய ஒன்றாக இருந்துவிடக் கூடாது, வேறு நகரங்களிலும் சோதியுங்கள் என்றார். அதற்குள் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளைஞரும் ஈவர்ட்ஸ் கிரஹாம் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரும் அதே முடிவை 1950 மே மாதம் வெளியிட்டுவிட்டனர். டாலும் ஹில்லும் எழுதிய கட்டுரை 1950 செப்டம்பர் 30 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கடும் புகைப்பழக்கம் கொண்டிருந்த கிரஹாம் 1957-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

இவர்களுக்கு முன்பே ஜெர்மனியில் 1939-ல் முல்லரும், 1943-ல் ஷைரர், ஷோனிகர் இருவரும் இதேபோன்ற ஒப்பீடுகளைச் செய்திருந்தனர். நாஜி ஆட்சியும் போரும் அவற்றை உலகின் கண்ணிலிருந்து மறைத்தன. யார் முதலில் என்ற கேள்விக்குச் சரியான பதில் அவர்களே. எனினும் உலகம் நம்பியது டாலையும் ஹில்லையும்தான், அதற்குக் காரணம் அவர்கள் அடுத்துச் செய்தது.

மருத்துவர்களுக்கு ஒரு கடிதம்

நோய் வந்தவரிடம் பழைய கதையைக் கேட்பது எளிது, விரைவானது. ஆனால் நினைவு பொய் சொல்லும், ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டவர்கள் தவறான ஆட்களாக இருந்துவிடலாம். இந்த ஐயங்களைத் தீர்க்க ஹில் திசையைத் திருப்பினார். நலமாக இருக்கும் மனிதர்களிடம் முதலில் பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்வோம். பிறகு காத்திருப்போம்.

யாரிடம் கேட்பது? மருத்துவர்களிடம் என்று முடிவாகியது. அவர்கள் பதிலைத் துல்லியமாக எழுதுவார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், அவர்களைத் தொலைக்க முடியாது என்பது. தொழில் செய்யும் ஒவ்வொரு மருத்துவர் பெயரும் முகவரியும் மருத்துவப் பதிவேட்டில் உண்டு. இறப்புச் சான்றிதழில் தொழில் மருத்துவர் என்றிருந்தால் அதன் படி ஆய்வாளர்களுக்கு வந்துசேரும்படி பதிவாளர் அலுவலகங்களுடன் ஏற்பாடு செய்யப்பட்டது.

1951 அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ அறுபதாயிரம் மருத்துவர்களுக்குக் கடிதம் சென்றது. கேள்விகள் மிகக் குறைவு. வயது என்ன, இப்போது புகைக்கிறீர்களா, முன்பு புகைத்து நிறுத்தியவரா, எப்போதுமே புகைக்காதவரா? புகைப்பவர் என்றால் எந்த வயதில் தொடங்கினீர்கள், நாளுக்கு எவ்வளவு, சிகரெட்டா பைப்பா? நிறுத்தியவர் என்றால் எப்போது? அவ்வளவுதான். கேள்விகள் நீண்டால் வேலைமிகுந்தவர்கள் தாளைக் குப்பையில் போடுவார்கள் என்பதை ஹில் அறிந்திருந்தார். இன்று நாற்பது பக்கக் கேள்விப்பட்டியலுடன் வீட்டுக்கதவைத் தட்டும் ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர் பதில் எழுதினர். அவர்களில் 34,439 பேர் ஆண்கள். ஆண் மருத்துவர்களில் இது மூன்றில் இரண்டு பங்கு.

அதிக நாள் காத்திருக்கத் தேவைப்படவில்லை. 1954 ஜூன் 26 அன்று முதல் அறிக்கை வெளியானது. 35 வயதுக்கு மேற்பட்ட 24,389 ஆண்களில் 29 மாதங்களில் 789 பேர் இறந்திருந்தனர். அவர்களில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 36 பேர். அந்த 36 பேரில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. புகைத்த அளவு கூடக்கூட இறப்பு விகிதம் படிப்படியாகக் கூடியது. 36 என்பது சிறிய எண். ஆனால் இம்முறை பழக்கம் முதலிலும் நோய் பிறகும் பதிவாகியிருந்தது. யாரும் நினைவைக் குறைசொல்ல முடியாது. அதே காலத்தில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஹாமண்டும் ஹார்னும் 187,783 ஆண்களைப் பின்தொடர்ந்து அதே முடிவுக்கு வந்தனர்.

ஃபிஷரின் எதிர்ப்பு

வலுவான எதிர்ப்பு புள்ளியியலின் உள்ளிருந்தே வந்தது. ரொனால்ட் ஃபிஷர் அத்துறையின் பெரும் ஆசான். குலுக்கல் முறையில் சோதனைகளை அமைக்கும் கோட்பாட்டை உருவாக்கியவர். ஹில்லின் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனைக்குப் பின்னால் இருந்த கருத்தே ஃபிஷருடையது எனலாம். 1957 முதல் அவர் டால்-ஹில் முடிவுகளைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

அவர் வாதம் இது. இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. புகைக்கத் தூண்டும் மரபுக்கூறு ஒன்று இருக்கலாம், அதுவே புற்றுநோய்க்கும் இடம்தரலாம். அல்லது தொடக்கநிலைப் புற்றுநோயின் உறுத்தல்தான் மனிதனைப் புகையை நாடச் செய்கிறதோ என்னவோ. மேலும், லண்டன் ஆய்வில் புகையை உள்ளே இழுப்பதாகச் சொன்னவர்கள் புற்றுநோயாளிகளிடையே கூடுதலாக இல்லையே, ஏன்?

ஃபிஷர் ஓயாமல் பைப் புகைத்தவர் என்பதையும் புகையிலைத் தயாரிப்பாளர் குழுவிடம் ஆலோசகராக ஊதியம் பெற்றவர் என்பதையும் குறிப்பிட்டாகவேண்டும். அதனால் மட்டும் அவர் கேள்விகள் பொய்யாகிவிடாது. தத்துவ அளவில் அவர் கேட்டது சரியான கேள்வி. தவறு, சான்றுகள் குவிந்த பின்னும் அந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிட்டது.

பதில்கள் பல திசைகளிலிருந்து வந்தன. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன்பணியாற்றியோரும் 1959-ல் எளிய கணக்கொன்றை முன்வைத்தனர். சிகரெட் புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஒன்பது மடங்கு அதிகம் வருகிறது. புகைக்குத் தொடர்பில்லாத மறைந்த கூறு ஒன்றே இதற்குக் காரணம் என்றால், அந்தக் கூறு புகைப்பவரிடம் மற்றவரைவிடக் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்படவேண்டும். அவ்வளவு பெரிய கூறு ஒன்று யார் கண்ணிலும் படாமல் எப்படி இருக்கும்?

இன்னொரு பதிலை மருத்துவர்களே அளித்தனர். தங்களைப் பற்றிய முடிவுகளை அவர்கள் படித்தார்கள். ஏராளமானோர் புகைப்பதை நிறுத்தினர். விட்டவர்களின் நோய்வாய்ப்பு, விட்ட ஆண்டுகள் கூடக்கூட, தொடர்ந்தவர்களைவிடக் குறைந்துகொண்டே வந்தது. நாட்டின் மற்ற ஆண்களோடு ஒப்பிட, மருத்துவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு குறையத் தொடங்கியது. பிறவியிலேயே அமைந்த மரபுக்கூறு சிகரெட்டை அணைத்ததும் மறைந்துவிடாது. யாரும் திட்டமிடாத, திட்டமிட்டிருக்கவும் முடியாத சோதனை ஒன்று தானாக நடந்தேறியது.

1965-ல் ஹில் ஆற்றிய உரை ஒன்று இந்த விவாதம் முழுவதன் சாரம். ஒரு தொடர்பைக் காரணம் என்று கொள்ளுமுன் பார்க்கவேண்டியவற்றை ஒன்பதாக அவர் வகுத்தார். தொடர்பின் வலிமை, பல இடங்களில் மீண்டும் காணப்படுதல், காலமுறை, அளவு கூட விளைவு கூடுதல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் எதுவும் கட்டாய விதி அல்ல என்பதை அவரே அழுத்திச் சொன்னார். இன்றைய பாடநூல்களோ அவற்றை விதிகளாகவே மனப்பாடம் செய்யவைக்கின்றன.

அரசும் கம்பெனிகளும்

அறிவு வந்ததும் அரசு செயல்பட்டுவிடவில்லை. புகையிலை வரி பிரிட்டிஷ் அரசின் வருவாயில் பெரிய பங்கு. 1954 பிப்ரவரி 12 அன்று சுகாதார அமைச்சர் இயன் மெக்லவுட் செய்தியாளர்களைச் சந்தித்து, புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை அரசு ஏற்பதாக அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அதையொட்டியே புகையிலை நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காக இரண்டரை லட்சம் பவுண்டு அளிக்க முன்வந்த செய்தியும் வெளியானது.

அமெரிக்காவில் அதே ஆண்டு ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் புகையிலை நிறுவனங்கள் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. மக்கள் நலமே தங்களுக்கு முதன்மை, காரணம் இன்னும் நிறுவப்படவில்லை, மேலும் ஆராய நிதி தருவோம் என்றன. மறுத்து வெல்வது அவர்கள் நோக்கமல்ல. ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்ற நிலையை நீட்டித்தாலே போதும். ஒவ்வோர் ஆண்டு ஐயமும் ஓராண்டு விற்பனை. அறிவியலாளர் நேர்மையாகச் சொல்லும் ‘ஒருவேளை’யை வணிகம் இப்படிப் பயன்படுத்திக்கொள்வதைப் பின்னர் ஆஸ்பெஸ்டாஸ் முதல் பருவநிலை மாற்றம் வரை உலகம் பார்த்தது.

பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 1962-ல் பொதுமக்களும் படிக்கும்படி அறிக்கை வெளியிட்டது. 1964-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரியின் அறிக்கை வந்தது. 1965-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்.

விகிதமும் எண்ணிக்கையும்

நுரையீரல் புற்றுநோய்க்காகத் தொடங்கிய ஆய்வு 1956-ன் இரண்டாம் அறிக்கையிலேயே வேறொன்றையும் காட்டியது. புகைத்தவர்கள் மாரடைப்பாலும் அதிகம் இறந்தனர். இந்தப் பகுதி பொதுவாசகரிடம் அதிகம் சென்றுசேரவில்லை. ஆனால் நாள்பட்ட நோய்களைப் புரிந்துகொள்ள இதுவே முக்கியமானது.

ஐம்பதாண்டு முடிவில் கிடைத்த எண்கள் இவை. ஆண்டுக்கு ஆயிரம் ஆண்களில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் புகைக்காதவரிடையே 0.17, சிகரெட் புகைப்பவரிடையே 2.49. ஏறத்தாழ பதினைந்து மடங்கு. இதயத் தமனி நோயால் இறந்தவர்கள் புகைக்காதவரிடையே 6.19, புகைப்பவரிடையே 10.01. இரு மடங்குகூட இல்லை.

மடங்கை மட்டும் பார்த்தால் புகை முக்கியமாக நுரையீரலைத் தாக்குகிறது, இதயத்துக்கு அது சிறிய தீங்குதான் என்று தோன்றும். கழித்துப் பார்க்கவேண்டும். புற்றுநோயில் கூடுதல் சாவு ஆயிரத்துக்கு 2.32. இதய நோயில் 3.82. புகையால் புற்றுநோயில் இறந்தவரைவிட இதய நோயில் இறந்தவரே அதிகம். இதய நோய் எல்லோருக்கும் வரக்கூடியது, அதனால் அதைச் சற்றே கூட்டினாலும் சாவு எண்ணிக்கை பெரிதாக உயரும். ஒரு நோய்க்குப் பல இடர்காரணிகள், ஓர் இடர்காரணிக்குப் பல நோய்கள் என்ற இன்றைய பார்வை இத்தகைய கணக்குகளிலிருந்து உருவானது. ‘ஒரு நோய், ஒரு கிருமி’ என்ற பழைய இலக்கணம் இங்கே வந்து முடிந்தது.

ஐம்பது ஆண்டுகள்

1957, 1966, 1971, 1978, 1991, 2001 எனப் பலமுறை கேள்விகள் மீண்டும் அனுப்பப்பட்டன. டால் 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பேராசிரியராகச் சென்றார். இளம் புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோ அவருடன் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். பெண் மருத்துவர்கள் 6,194 பேரைப் பற்றிய தனி அறிக்கை 1980-ல் வந்தது.

நாற்பதாண்டு அறிக்கை 1994-ல் வந்தபோது முன்பு எண்ணியதைவிடத் தீங்கு பெரிது என்று தெரிந்தது. தொடக்க ஆண்டுகளில் இறந்த முதியவர்கள் இளமையில் சிகரெட்டை அவ்வளவு புகைத்தவர்கள் அல்லர். பதின்வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்க சிகரெட் புகைத்த தலைமுறை முதுமையை எட்டியபோதுதான் முழுக்கணக்கும் வெளிவந்தது. விடாமல் புகைப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்தப் பழக்கத்தாலேயே இறக்கின்றனர்.

பாதிப்பேர் என்பதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். மறுபாதி அதனால் இறப்பதில்லை. ‘எங்கள் தாத்தா தொண்ணூறு வயதுவரை சுருட்டுப் பிடித்தார்’ என்று சொல்ல எந்த ஊரிலும் ஆள் கிடைப்பது இதனால்தான். அவர் சொல்வது பொய்யல்ல. ஐம்பதில் போன தாத்தாவைப் பற்றிப் பேரனுக்குச் சொல்ல நினைவுகள் இருப்பதில்லை.

2004 ஜூன் 26 அன்று, முதல் அறிக்கை வெளியான அதே நாளில், அதே இதழில் ஐம்பதாண்டு அறிக்கை அச்சானது. 91 வயதான டால் அதன் முதல் ஆசிரியர். 34,439 ஆண்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர் அதற்குள் இறந்திருந்தனர். 1900-க்கும் 1930-க்கும் இடையே பிறந்து சிகரெட்டை விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். அறுபது வயதில் விட்டவருக்கு அதில் மூன்று ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. ஐம்பதில் விட்டவருக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டவருக்கு ஏறத்தாழ முழுப் பத்தும். அடுத்த ஆண்டு டால் மறைந்தார்.

அவர் மறைவுக்குப்பின் 2006-ல் ஒரு செய்தி வெளியானது. 1980-களில் டால் மான்சான்டோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்திடம் ஆலோசனைக் கட்டணம் பெற்றிருந்தார். அவருடைய புகையிலை ஆய்வுகளை அது தொடவில்லை. ஆனால் வேதிப்பொருள்களைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளை மக்கள் ஐயத்துடன் பார்த்ததில் வியப்பில்லை. ஃபிஷருக்கு ஓர் அளவுகோல், டாலுக்கு வேறு அளவுகோல் என்று வைக்க முடியாது.

சென்னையும் விழுப்புரமும்

பிரிட்டிஷ் மருத்துவர்கள் வசதியான நாட்டின் வசதியான வகுப்பினர். அவர்களிடம் கண்டது எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்துமா என்ற கேள்வி எப்போதும் இருந்தது. இந்தியாவில் 1955-லேயே மும்பையிலிருந்து சங்வி, ராவ், கானோல்கர் ஆகியோர் புகைப்பதையும் புகையிலை மெல்லுவதையும் வாய், தொண்டைப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தி எழுதியிருந்தனர். எனினும் மொத்தச் சாவில் புகையின் பங்கு என்ன என்பது தெரியாமலிருந்தது.

அதற்கான பெரிய விடை தமிழகத்திலிருந்து வந்தது. வி. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ, டி.எஸ். கனகா, பிரபாத் ஜா நால்வரும் எழுதிய ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வெளியானது. பெயர்ப்பட்டியலில் டாலின் நீண்டநாள் சகா இருப்பதைக் கவனிக்கலாம். ஆனால் லண்டன் முறையை இங்கே அப்படியே செய்ய முடியாது. பலர் வீட்டிலேயே இறக்கின்றனர், சான்றிதழில் காரணம் தெளிவாக இருப்பதில்லை. ஆகவே இறந்தவர்களின் வீடுகளுக்கு ஆட்கள் சென்றனர். கடைசி நாட்களில் என்ன துன்பம் இருந்தது, எத்தனை நாள் இருமல், காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று குடும்பத்தாரிடம் கேட்டு இறப்பின் காரணம் கணிக்கப்பட்டது. அவர் புகைத்தவரா என்றும் கேட்டனர். சென்னையில் 27,000, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 16,000 என 43,000 ஆண்களின் சாவுகள் இவ்வாறு ஆராயப்பட்டு, உயிருடன் இருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிடப்பட்டன. நகரத்தில் பெரும்பாலும் சிகரெட், கிராமத்தில் பீடி.

புகைத்தவர்களின் சாவு இங்கும் அதிகமாகவே இருந்தது. ஆனால் லண்டனில் நுரையீரல் புற்றுநோய் நின்ற இடத்தில் இங்கே நின்றது காசநோய். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நகரத்தில் 4.5 மடங்கு, கிராமத்தில் 4.2 மடங்கு. இந்தியாவில் 25 முதல் 69 வயது வரையிலான ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகை காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். நாட்டில் மிகப் பலரின் உடலில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுக்க விழிப்பதில்லை. புகை நுரையீரலின் காவலைத் தளர்த்துகிறது, கிருமி எழுகிறது. கோக்கின் கிருமி ஒன்றே காசநோய்க்கு முழுக்காரணம் என்ற பழைய கணக்கும் இங்கே போதாமல் போகிறது. காசநோயைக் கிட்டத்தட்ட விரட்டிவிட்ட நாட்டின் மருத்துவர்களை இன்னும் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

பீடி சிறியது, உள்ளூர் இலையில் சுற்றியது, ஆகவே தீங்கு குறைவு என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 2008-ல் ஜாவும் கஜலட்சுமியும் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து நாடு தழுவிய இன்னோர் ஆய்வை வெளியிட்டனர். அதன்படி இந்தியாவில் சிகரெட் புகைக்கும் ஆண் ஏறத்தாழ பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். பிரிட்டிஷ் மருத்துவர்கள் இழந்த அதே பத்து. பீடி புகைக்கும் ஆண் இழப்பது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், பீடி புகைக்கும் பெண் இழப்பது எட்டு.